தீவகத்து வானம்: காற்றைக் கேட்டுக் கமராவைத் தூக்குங்கள்

யாழ்ப்பாணத் தீவகத்தில் மலை கிடையாது, அருவி கிடையாது. உயரமென்று சொல்லப் பனையும் கோயில் கோபுரமும், அண்மையில் முளைத்த தொலைபேசிக் கோபுரங்களும்தான். ஊர்காவற்றுறையில் நின்றாலும் நெடுந்தீவில் நின்றாலும் கமராவுக்குள் முக்கால்வாசி வானமே தெரியும். அதனால் வானம் சரியில்லாத நாளில் இங்கே படமும் சரிவராது. அந்த வானத்தைத் தீர்மானிப்பது காற்று. இந்த அத்தியாயம் எந்த மாதம் எந்தக் காற்று, அது என்ன வானத்தைக் கொண்டுவரும் என்பதில்தான் பெரும்பாலும் சுற்றும். லென்ஸ் பேச்சு அதற்குப் பிறகு. கையில் இருப்பது ஒரு நல்ல கைத்தொலைபேசி மட்டும் என்றாலும் இங்கே சொல்லுவதில் பாதிக்கு மேல் அதிலேயே செய்யலாம்.

வீட்டுக்குப் பக்கத்து வானத்தை எடுப்பது சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் லேக் ஜோர்ஜ் என்ற ஏரிக்கரையில் இருந்த தமது குடும்ப வீட்டு வளவில் நின்றபடி மேகங்களை எடுக்கத் தொடங்கினார். பத்தாண்டுக்கு மேல் அதைத் தொடர்ந்தார். நியூயோர்க்கின் பெயர்பெற்ற மனிதர்களையெல்லாம் எடுத்து முடித்த கை அது.

காற்றுக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலமும் இதுவே. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி என்று பெயர்களோடு நினைவில் நிற்கும் புயல்கள் இந்த மாதங்களில் வந்தவை. புயல் நாளில் கமராவோடு கரையில் நிற்பவருக்கு இந்தப் புத்தகம் துணை நிற்காது. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பகுதிக்கு எச்சரிக்கை விடுத்தால் வீட்டில் இருங்கள். புயலுக்கு முதல்நாள் பின்னேரத்திலும், அது கடந்த மறுநாள் விடியலிலும் வானம் படத்துக்குத் தாராளமாகவே கொடுக்கும்.

சாதாரண வாடை நாளில் மழை வடகிழக்கிலிருந்து கடல்மேல் திரைபோல நகர்ந்து வரும். தட்டைத் தீவில் நிற்பதால் அந்தத் திரையை வெகுதூரத்திலேயே காணலாம். ஒரு திரை கடந்து அடுத்தது வருவதற்குள் மேற்கே மேகம் விலகி வெயில் அடித்தால், கிழக்கே வந்துகொண்டிருக்கும் மழையில் வானவில் விழும். வானவில்லுக்கு ஒரு கணக்கு உண்டு. சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகைக்குக் கீழே இருந்தால்தான் தரையில் நிற்பவருக்கு அது தெரியும். டிசம்பரில் நம் பகுதியில் பிற்பகல் இரண்டரைக்குப் பிறகு சூரியன் அந்த உயரத்துக்கு இறங்கிவிடும். எனவே மார்கழி மழைநாளில் இரண்டரை மணிக்கு வெளியே வந்து, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று கிழக்கைப் பாருங்கள். மழைத்திரை உங்களிடம் வந்து சேருவதற்கு முன் சில நிமிடமே கிடைக்கும். லென்ஸில் போலரைசர் போட்டிருந்தால் மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் வானவில் பளிச்சிடும், இன்னொரு நிலையில் முழுதாக மறைந்தே போகும். திருப்பாமல் விட்டு, வானவில் படத்தில் விழவில்லை என்று முறையிடுபவர்கள் நிறையப் பேர்.

தை பிறந்ததும் மழை ஓயும். விடியற்காலையில் தரவைகளிலும் வயல்களிலும் பனிமூட்டம் இடுப்பளவுக்கு நிற்கும், ஏழு மணி வெயிலில் கரைந்துவிடும். மாசி, பங்குனியில் காற்று விழுந்து களப்பு கண்ணாடியாகும். வருடத்தில் தண்ணீரும் வானமும் ஒன்றாகத் தெரியும் நாட்கள் இவை. மேகத்தின் நிழலுருவைத் தண்ணீரில் எடுக்க விரும்புகிறவர் இதைத் தவறவிடக் கூடாது.

சித்திரையில் வேறொரு விசேஷம். வருடப்பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 14, 15 அளவில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வரும். நட்ட கம்பத்துக்கு மதியம் சுமார் பன்னிரண்டேகாலுக்கு நிழல் கிடையாது. மறுபடி ஓகஸ்ட் கடைசியில் இதே நிகழும். இந்த நாட்களில் நடுப்பகல் வெளிச்சம் முகத்துக்கும் மரத்துக்கும் ஆகாது. ஆனால் ஆழமில்லாத கடலின் அடித்தளத்தை எடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. வெளிச்சம் செங்குத்தாக இறங்குவதால் மணலும் பாசியும் பச்சை, நீலப் பட்டைகளாகத் தெரியும். சித்திரைப் பின்னேரங்களில் பெருநிலப் பக்கம் இடிமேகம் கட்டும். வன்னிக்கு மேலே எழும் மேகத்தலை, தீவில் பொழுது இறங்கிய பிறகும் சிவந்து நிற்கும். பொழுது படும்போது எல்லோரும் மேற்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம். தெற்கே கொழும்பும் காலியும் மழையில் நனையும்போது நமக்கு வறட்சி. காற்று பலமாக வீசும், புழுதியும் உப்பும் கலந்து அடிவானம் மங்கும், கடல் கொந்தளிக்கும். மறையும் சூரியன் கண்ணைக் கூசவைக்காத செம்புத்தட்டாக இறங்கும். சின்னச் சின்ன வெண்மேகங்கள் வரிசைகட்டி ஓடும். இந்த ஓட்டத்தை எடுக்க, கண்ணாடியைக் கறுப்பாக்கும் என்டி ஃபில்டர் போட்டு 20 அல்லது 30 செக்கன் திறந்துவையுங்கள். முக்காலியை முழு உயரத்துக்கு நீட்டாமல் காலைக் குறுக்கி, முருகைக்கல் வேலியின் காற்றுப்படாத பக்கத்தில் வையுங்கள். நெடுந்தீவில் அந்த வேலிகளுக்குப் பஞ்சமில்லை.

சோளகத்தில் பயணமும் காற்றின் கையில்தான். குறிகாட்டுவான் துறையில் வள்ளக்காரர் ஒருவர், முக்காலியைக் கண்டதும் கேட்காமலே சொன்னார்: “தம்பி, சோளகம் எழும்பீற்றுது. பின்னேர வள்ளம் ஓடுமோ தெரியாது. நிக்கிறதெண்டா இரவுக்கு இடம் பாத்திட்டு நில்லுங்கோ.” கைத்தொலைபேசியில் உள்ள வானிலைச் செயலி அந்த நேரம் வெறும் வெயில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. செயலியைப் பாருங்கள், ஆனால் துறையில் நிற்பவரிடமும் கேளுங்கள்.

எங்கே நிற்பது

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்கு முதல் இடம் பண்ணைப் பாலம். ஓரமாக மோட்டார் சைக்கிளை விட்டு, வீதியை விட்டு இறங்கி நின்றாலே போதும். ஆழமில்லாத களப்பில் சிறகுவலைக் கம்புகள் வரிசை வரிசையாக நடப்பட்டிருக்கும். பொழுது கிளம்ப அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நம் அகலக்கோட்டில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதால் விடியல் வெளிச்சம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் கிழக்கு ஊதா நிறத்தில் இருக்கும், கம்புகள் தெரியாது. ஐந்து, ஆறு நிமிடத்தில் அடிவானத்தில் செம்மஞ்சள் கோடு விழும். அப்போது கம்புகள் கறுப்புக் கோடுகளாகவும், அவற்றின் நுனியில் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகமும் ஆலாவும் புள்ளிகளாகவும் எழும்பும். எடுக்கவேண்டிய நேரம் இதுதான். கைத்தொலைபேசியில் வானத்தின் பிரகாசமான பகுதியைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். கம்புகள் முழுக்கறுப்பாகட்டும், கவலைப்படவேண்டாம். சூரியன் வெளியே வந்துவிட்டால் தண்ணீர் வெள்ளையாக எரியும், கம்பு வரிசை கலைந்து தெரியும். அத்தோடு தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

மண்டைதீவுப் பக்கக் களப்பில் மழைக்குப் பிந்திய மாதங்களில் பூநாரைகள் இறங்குவதுண்டு. இறங்காத வருடமும் உண்டு. வந்தால், வீதியோரத்தில் இருந்தே எடுங்கள். பறக்கும்போது சிறகின் சிவப்புத் தெரியும் என்பதற்காகக் கைதட்டியோ கல்லெறிந்தோ அவற்றை எழுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவைக்கு அது வீண் அலைச்சல். காத்திருந்தால் அவை தாமாகவே இடம்மாறும்.

வேலணையில் சாட்டிக் கடற்கரை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வசதி. படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர்ந்த நாள் நல்லது. புங்குடுதீவுக்குப் போகும் வாணர் பாலம் இரண்டு பக்கமும் தண்ணீரோடு நீண்டு கிடப்பது. மழைத்திரையை எடுக்க என் முதல் தெரிவு அதுதான். ஓடி ஒதுங்க அங்கே ஒரு கூரைகூட இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஊர்காவற்றுறைத் துறையில் நின்றால் கடலுக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டைக்கு ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். எல்லாரும் அதன் பின்னால் சூரியன் மறையும் படத்தை எதிர்பார்த்துப் போய், கிடைக்காமல் திரும்புகிறார்கள். சூரியன் வருடம் முழுக்க ஒரே இடத்தில் மறைவதில்லை. ஆனியில் நேர்மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளியும், மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளியும் மறையும். கோட்டை, துறைக்கு வடக்குப் பக்கமாகச் சாய்ந்து இருப்பதால் ஆனி, ஆடியில்தான் மறையும் பொழுது அதற்குக் கிட்ட வரும். அதுவும் நீங்கள் கரையில் எந்த முனையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காரைநகருக்குப் போகும் மிதவைப் பாதையில் ஏறி மறுகரைக்குப் போய்வந்தால் கோணம் முழுதாக மாறும். கோட்டை கடற்படையிடம் இருக்கிறது. அதை ஒரு தங்குவிடுதியாகவும் நடத்துகிறார்கள். ஆனாலும் இந்தப் பகுதியில் கடற்படை முகாம், காவலரண், ரேடார் எதையும் சட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். டிரோன் வைத்திருப்பவர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து, அனுமதி பெற்ற பிறகே பறக்கவிடவேண்டும்.

நயினாதீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து கால் மணி, இருபது நிமிடப் பயணம். கோயில் நாகபூசணி அம்மனுடையது, சற்றுத் தள்ளி நாகவிகாரை. கோயிலின் உள்ளே கமராவை மூடிவைப்பதே முறை. வெளியில் நின்று கோபுரத்தை வானத்தோடு எடுக்கப் போயா தினத்தை விட அதற்கு முதல்நாளைத் தெரிவு செய்யுங்கள். நிலவு ஒவ்வொரு நாளும் சராசரி 50 நிமிடம் பிந்தி எழும். பூரணையன்று அது பொழுது சாயும் நேரத்தை ஒட்டியே எழுவதால், நிலவு மேலே வரும்போது தரை இருட்டிவிடும். முதல்நாள் அது முன்னதாகவே எழுந்து நிற்கும், கோபுரத்தில் இன்னும் மாலை வெயில் இருக்கும். இரண்டையும் ஒரே வெளிச்ச அளவில் எடுக்கலாம். போயா அன்று துறையில் நிற்கும் கூட்டமும் இருக்காது.

நெடுந்தீவு தனி உலகம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. பெருக்கமரம், இடிந்த கோட்டை, புறாக்கூடு, தெற்கு முனையில் இராணி கோபுரம் என்று சுற்றுலாவில் காட்டும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரு பகலில் பார்த்துவிடலாம். படம் எடுக்கப் பகல் மட்டும் போதாது. காலையில் வந்து அன்றே திரும்புகிற வள்ளத்தில் ஏறுபவருக்குக் கிடைப்பது நடுப்பகல் வெளிச்சம் மட்டும்தான். ஒரு மணி நேரக் கடற்பயணத்துக்குப் பிறகு விடியலும் பொழுதுசாய்வும் கிடைக்காமல் திரும்புவதில் அர்த்தமில்லை. ஓர் இரவாவது தங்குங்கள்.

சோளக வறட்சியில் குதிரைகள் எஞ்சியிருக்கும் நீர்நிலைகளைத் தேடி வரும். தண்ணீர் வற்றிய வருடங்களில் அவை இறந்ததும் உண்டு. எனவே அவற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே போய் நிற்காதீர்கள். நீண்ட லென்ஸோடு, காற்று உங்கள் முகத்தில் படும் பக்கமாகத் தாழ இருங்கள். கமராவைத் தரைமட்டத்துக்கு இறக்கினால் குதிரையின் கால்களுக்கிடையே அடிவானம் வரும். முழு உருவமும் வானத்தின் மேல் நிற்கும். நெடுந்தீவுத் தரை மேசைபோலத் தட்டை என்பதால் வரும் வரம் இது.

இடிந்த வீடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1990களின் தொடக்கத்தில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். கூரையில்லாத சுவருக்குள் ஆலமரம் முளைத்து நிற்பது படத்துக்கு அழகாக இருக்கும்தான். அந்த வீட்டுக்கு உரியவர் ரொறொன்ரோவிலோ பாரிஸிலோ அந்தப் படத்தைக் காணக்கூடும். நான் அவற்றை வானத்துக்கு முன்னணியாக வைப்பதில்லை. மற்றவர்களைத் தடுக்கவும் மாட்டேன், வளவுக்குள் நுழைய மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இரவு

ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்கள் புழுதியும் காற்றும் என்று அலுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வாய்க்கும் இரவை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தனுசு விண்மீன் கூட்டத்தில் இருக்கும் பால்வீதியின் நடுப்பகுதி லண்டனில் அடிவானத்திலிருந்து 10 பாகைகூட ஏறாது. ரொறொன்ரோவில் 17 பாகை அளவு. நெடுந்தீவில் அது 50 பாகைக்கு மேல், தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். ஜூலை கடைசியில் இரவு ஒன்பதரை அளவில் அது உச்சத்துக்கு வரும். அமாவாசையை ஒட்டிய நாலைந்து நாட்களில் போங்கள். 500ஐ லென்ஸின் மில்லிமீற்றரால் வகுத்தால் வரும் செக்கன்வரை திறந்துவைக்கலாம், அதற்கு மேல் போனால் விண்மீன் கோடாக இழுபடும். 24 மில்லிமீற்றருக்கு 20 செக்கன், துளை எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். ரோச் லைட்டுக்கு மேல் சிவப்புத் தாள் கட்டினால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

துருவ விண்மீன் இங்கே வடக்கே ஒன்பதரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும், கையை நீட்டி முட்டி பிடித்தால் மறையும் அளவு. ஆகவே விண்மீன் சுழற்சிப் படத்தில் வட்டத்தின் கீழ்ப்பாதி கடலுக்குள் போய்விடும். ஒரு வடலியை நடுவில் வைத்தால் அதன் தலையைச் சுற்றியே வானம் சுழலும்.

மின்னல் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. தட்டைத் தீவில் நிற்கும்போது சுற்றுவட்டாரத்தில் உயரமானவர் நீங்கள்தான், அதிலும் இரும்பு முக்காலியோடு. பனையின் கீழ் ஒதுங்குவது அதைவிட மோசம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள செக்கன்களை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது, உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். இடியே கேட்காத மின்னல்தான் நமக்கு வேண்டியது. 14 கிலோமீற்றர் உயரம் கட்டிய மேகத்தின் தலை 300 கிலோமீற்றருக்கு அப்பாலும் தெரியும் என்பதால், மேற்கே சத்தமில்லாமல் மின்னுவது இராமநாதபுரத்துக்கோ அதற்கும் உள்ளே தள்ளிய ஊருக்கோ மேலே இருக்கலாம். துளை எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200, 15 செக்கன் என்று வைத்து, முடிய முடிய அடுத்ததை எடுத்துக்கொண்டே இருங்கள்.

இரவு இல்லை என்றாலும் கிரகணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரி 15 அன்று யாழ்ப்பாணத்தில் பத்து நிமிடம் அளவுக்குக் கங்கண சூரிய கிரகணம் நின்றது. 2019 டிசம்பர் 26 காலையிலும் ஒன்று வந்தது. அடுத்தது 2031 மே 21, தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடக்குப் பக்கமாக வரும். நண்பகலை ஒட்டிய நேரம் என்பதால் சூரியன் தலைக்கு மேலே இருக்கும், கோபுரத்தையோ பனையையோ அதனோடு ஒரே படத்தில் சேர்ப்பது கஷ்டம். சூரிய ஃபில்டர் இல்லாமல் கமராவுக்குள்ளால் பார்த்தால் கண் போய்விடும். எக்ஸ்ரே தாளும் கறுப்புக் கண்ணாடியும் போதாது. ஃபில்டர் இல்லாதவர் மரத்தின் கீழ்த் தரையைப் பார்க்கட்டும். இலைகளின் இடுக்கு வழியாக விழும் வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு வளையமாக இருக்கும். வேப்பமரத்தின் கீழ் வெள்ளைச் சேலை விரித்து எடுத்தால் நூற்றுக்கணக்கில் விழும்.

உப்பு

தீவகத்தில் கமராவைக் கெடுப்பது மழையை விட உப்புக்காற்றுத்தான். வள்ளத்தில் போகும்போது கமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வையுங்கள், முன்பக்கத்தில் இருக்காதீர்கள். லென்ஸில் உப்புத்துளி பட்டால் சாரத்தின் நுனியால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பு மணல்போலக் கீறும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி, கடைசியில் உலர்ந்த துணியால் துடையுங்கள். முக்காலியின் கால்களை வீட்டுக்கு வந்ததும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டுத்தான் மடக்கவேண்டும். கடலுக்குள் நின்றிருந்தால் அன்றிரவே செய்யுங்கள், மறுநாள் பூட்டு இறுகிவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து வாடைக்கால ஈரக்காற்றுக்கு வெளியே வந்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். கமராவைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் வெளிச் சூட்டுக்குப் பழகவிடுங்கள்.

படங்களைக் கணினியில் ஏற்றும்போது கோப்பின் பெயரில் திகதியையும் இடத்தையும் போடுவது எல்லோரும் செய்வது. கூடவே அன்றைய காற்றின் பெயரையும் போட்டுவையுங்கள். ஒரு வருடம் கழித்து “சோளகம்” என்று தேடினால், எந்த மாதத்தில் எந்தத் துறைக்கு மறுபடி போகவேண்டும் என்பது உங்கள் படங்களிலேயே கிடைக்கும்.